முதல் முறை பறக்கும் அப்பா தெரியாமல் ஏதாவது செய்துவிட்டால் தடை விதிப்பார்களா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபது வயதைக் கடந்த, விவசாயம் பார்க்கும் உங்கள் அப்பா, பேரக்குழந்தையைப் பார்க்கத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு முதல் முறையாக விமானம் ஏறப்போகிறார். நடுவானில் கதவைத் திறக்கப் போனவர் கைது, ரகளை செய்தவருக்குப் பறக்கத் தடை என்று வரும் செய்திகளைப் பார்த்துவிட்டு, "அப்பா தெரியாமல் எதையாவது தொட்டுவிட்டால் அவரையும் பிளாக்லிஸ்ட் பண்ணிவிடுவார்களா?" என்று கேட்கிறீர்கள். கூடவே, நீங்கள் போன ஒரு பயணத்தில் குடித்துவிட்டுக் கத்திய ஒருவரை இறக்கிவிடாமல் பணிப்பெண்கள் கெஞ்சிக்கொண்டிருந்தார்களே, அது ஏன் என்ற கோபமும் இருக்கிறது. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. தெரியாமல் செய்பவரையும் தெரிந்தே செய்பவரையும் விமானத்தில் யார், எந்தக் கட்டத்தில் பிரித்துப் பார்க்கிறார்கள்?

நான் பல வருஷம் கேபின் க்ரூவாக வேலை பார்த்து, அதன் பிறகு புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள். பெரும்பாலும் வளைகுடா, தென்கிழக்கு ஆசியத் தடங்கள். நான் வக்கீல் இல்லை. அதனால் சட்டத்தைப் பற்றிச் சொல்வதை, விமானத்துக்குள் அது எப்படி நடைமுறைக்கு வருகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். விதிகளை அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால், தேவைப்படும்போது இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அமைப்பின் இணையதளத்தில் இருப்பதையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

நேரடியான பதில்: அறியாமைக்காக யாரையும் தடை செய்ததாக என் அனுபவத்தில் இல்லை. ஆனால் பறக்கும் விமானத்தில் முதலில் செயலைத்தான் பார்ப்பார்கள், நோக்கத்தைத் தரையிறங்கிய பிறகுதான் விசாரிப்பார்கள். இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். 2018 செப்டம்பரில் டெல்லியிலிருந்து பாட்னா போன விமானத்தில் ஒருவர் கழிவறை என்று நினைத்துப் பின்பக்க வெளியேறும் கதவைத் திறக்க முயன்றார். சக பயணிகள் அலறினார்கள், அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள், இறங்கியதும் பாதுகாப்புப் படையிடமும் போலீஸிடமும் ஒப்படைத்தார்கள். விசாரித்ததில் அது அவருடைய முதல் விமானப் பயணம் என்று தெரிந்தது, விட்டுவிட்டார்கள். 2025 செப்டம்பரில் பெங்களூரு–வாரணாசி விமானத்திலும் இதேபோல முதல் முறை பறந்த ஒரு பயணி, கழிவறையைத் தேடிக்கொண்டு போய் விமானி அறைக் கதவருகே நின்றுவிட்டார். அவரோடு, கூட வந்த எட்டுப் பேரையும் சேர்த்து மத்திய தொழிற்பாதுகாப்புப் படை விசாரித்தது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானி அறைக் கதவு விஷயத்தில் யாரும் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் முடியாது. எனவே, உங்கள் அப்பா அப்படி ஒரு தவறைச் செய்தால் சிறைக்குப் போக மாட்டார். ஆனால் சில மணி நேரம் மிகவும் அவமானமான ஒரு இடத்தில் உட்கார வேண்டியிருக்கும். அந்த வயதில் அதுவே பெரிய தண்டனை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனி விதி. இந்தியாவில் பறக்கத் தடைப் பட்டியல் வருவதற்குக் காரணமே ஒரு மக்கள் பிரதிநிதிதான். 2017 மார்ச்சில் புனேயிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், சிவசேனா எம்.பி. ரவீந்திர கெய்க்வாட் ஒரு ஊழியரைச் செருப்பால் அடித்தார். அடித்ததை அவரே கேமராக்களுக்கு முன் சொன்னார். விமான நிறுவனங்கள் சேர்ந்து அவரை ஏற்ற மறுத்தன. அப்போது அதற்கென்று தெளிவான விதி இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் டிஜிசிஏ மூன்று நிலைகளை வகுத்தது. கத்துவது, மோசமான சைகை, குடித்துவிட்டு அடங்காமல் இருப்பது போன்றவை முதல் நிலை, தடை மூன்று மாதம் வரை. தள்ளுவது, அடிப்பது, உதைப்பது, தகாத முறையில் தொடுவது இரண்டாம் நிலை, ஆறு மாதம் வரை. உயிருக்கு ஆபத்தான தாக்குதல், விமானத்தின் இயக்க அமைப்புகளைச் சேதப்படுத்துவது, விமானி அறைக்குள் நுழைய முயல்வது ஆகியவை மூன்றாம் நிலை. இதற்குக் குறைந்தது இரண்டு வருஷம், மேல் வரம்பு கிடையாது. அதே ஆள் மறுபடி செய்தால் முந்தைய தடையைப் போல இரு மடங்கு.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, தடையைக் கேப்டனோ பணிப்பெண்ணோ விதிப்பதில்லை என்பது. கேப்டன் புகார் மட்டும்தான் கொடுக்கிறார். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு உள் விசாரணைக் குழு இருக்கும். அதில் வேறொரு விமான நிறுவனத்தின் பிரதிநிதியும், பயணிகள் சங்கம் அல்லது நுகர்வோர் அமைப்பின் தரப்பில் ஒருவரும் இருப்பார்கள். முப்பது நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை நிறுவனம் தற்காலிகமாகத் தடுத்து வைக்கலாம். முப்பது நாளில் முடிவு வரவில்லை என்றால் அந்தப் பயணி பறக்கலாம். "இது எனக்கு முதல் பயணம், கழிவறை என்று நினைத்தேன்" என்று சொல்லவும், அதை எடைபோடவும் அங்கே இடம் இருக்கிறது. போலீஸ் வழக்கு இதற்குத் தனி. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 22-ம் 23-ம், பணியாளரைத் தாக்குவதையும் விமானத்தின் ஒழுங்கையும் பாதுகாப்பையும் குலைப்பதையும் குற்றமாக்குகின்றன. தடைக்கும் வழக்குக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒன்று வந்து மற்றது வராமலும் போகலாம்.

கதவு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் முதல் பயணிகள் மாட்டுவது பெரும்பாலும் அதில்தான். விமானம் உயரத்தில் பறக்கும்போது எந்த மனிதராலும் கதவைத் திறக்க முடியாது. இது உறுதி. உள்ளே காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்த வித்தியாசம் கதவின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஐந்து டன்னுக்கு மேல் அழுத்திப் பிடித்திருக்கும். ஆபத்து தரையிலும் தரைக்கு அருகிலும்தான். 2023 மே மாதம் தென்கொரியாவில் ஜேஜுவிலிருந்து டேகு வந்த ஏசியானா விமானம் சுமார் 700 அடி உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது, மூச்சுமுட்டுகிறது, சீக்கிரம் இறங்க வேண்டும் என்று ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே 194 பயணிகள். உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் மூச்சுத் திணறலோடு சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்த உயரத்தில் அழுத்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாததால்தான் கதவு திறந்தது.

தரையில் திறந்தால் என்ன ஆகும்? விமானம் கிளம்பத் தயாராகும்போது "ஆர்ம் டோர்ஸ்" என்று ஒரு உத்தரவு வருவதைக் கேட்டிருப்பீர்கள். அதன் பிறகு உள்ளிருந்து கதவைத் திறந்தால், அவசரகாலத்தில் சறுக்கி இறங்குவதற்கான ஸ்லைடு வெடித்த மாதிரி சில நொடியில் வெளியே விரியும். கீழே ஆள் நின்றால் உயிர் போகும். 2019 ஜூன் மாதம் மான்செஸ்டரில் இஸ்லாமாபாத் கிளம்பவிருந்த பாகிஸ்தான் விமானத்தில் ஒரு பெண் கழிவறைக் கதவு என்று நினைத்து அவசரக் கதவைத் திறந்துவிட்டார், ஸ்லைடு விரிந்துவிட்டது. விமானம் ஏழு மணி நேரம் தாமதம். சுமார் நாற்பது பேரை இறக்கிவிட்டுத்தான் கிளம்பினார்கள். அந்த நாற்பது பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பீர்கள். ஒரு கதவு பயன்படாது என்றால், அந்தக் கதவு வழியாகத் தப்பிக்க வேண்டியவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். வேறு வழி இல்லை. ஒரு நொடி அறியாமைக்கு இவ்வளவு பேர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. நம் ஊரில் 2022 டிசம்பரில் சென்னையிலிருந்து திருச்சி கிளம்பவிருந்த இண்டிகோ ஏடிஆர் விமானத்தில் ஒரு பயணி அவசரக் கதவைத் தவறுதலாகத் திறந்தார், உடனே மன்னிப்பும் கேட்டார் என்று அந்த நிறுவனம் சொன்னது. முழுப் பரிசோதனை முடித்துத் தாமதமாகத்தான் விமானம் போனது. அந்தப் பயணி ஒரு மக்களவை உறுப்பினர் என்று பிறகு தெரியவந்தது. அடிக்கடி பறப்பவர்களுக்கும் கதவைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எண்ண வேண்டாம்.

அறியாமை எந்த அளவுக்குப் போகும், சட்டம் அதை எப்படி எடைபோடும் என்பதற்குச் சீனாவில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பயிற்சி வகுப்பில் சொல்வேன். 2017 ஜூன் மாதம் ஷாங்காய் விமான நிலையத்தில் 80 வயதுப் பாட்டி ஒருவர், பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விமான என்ஜினை நோக்கிக் காசுகளை வீசினார். ஒன்பது காசுகளைக் கண்டெடுத்தார்கள், ஒன்று என்ஜினுக்குள்ளேயே கிடந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதம். வயதின் காரணமாக அவரைக் காவலில் வைக்கவில்லை. 2019-இல் அன்சிங் நகரில் இளைஞர் ஒருவர் இதையே செய்தபோது பயணமே ரத்தானது. நிறுவனம் வழக்குப் போட்டது, நீதிமன்றம் அவரை 1,20,000 யுவான் கட்டச் சொன்னது. செயல் ஒன்றுதான், விளைவு வேறு. அந்தப் பாட்டியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. அவருடைய வேண்டுதல் உண்மையானது. என்ஜினுக்குள் காசு போனால் அந்தப் பயணத்துக்கே ஆபத்து என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, உண்மையிலேயே அடங்காதவர்கள் யார்? என் அனுபவத்தில் அவர்கள் பெரும்பாலும் முதல் பயணிகள் இல்லை. முதல் முறை வருபவர் பயந்து, சொன்னதைக் கேட்டு, கையில் போர்டிங் பாஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் கார் பெல்ட் மாதிரிப் பக்கவாட்டில் பட்டனைத் தேடுவார். பக்கத்து ஆள் மூடியைத் தூக்குவதைப் பார்த்துவிட்டுத் தானும் தூக்குவார். கழிவறைக்குப் போய்க் கதவின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்து, திறக்கவில்லை என்றதும் யாரிடமும் கேட்காமல் திரும்பி வந்து நாலு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்காருவார். நடுவில் தள்ளினால் மடியும் கதவு அது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ரகளை செய்பவர் வேறு ஆள். என்ன கிடைக்கும், யாரை மிரட்டலாம், எந்த அளவுக்குப் போகலாம் என்று தெரிந்தவர். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலைப் பைக்குள் வைத்தபடியே ஊற்றிக் குடிப்பவர்.

மதுவைப் பற்றி ஒரு விளக்கம். உயரத்தில் ஒரு கிளாஸ் இரண்டு கிளாஸுக்குச் சமம் என்பார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் இரட்டிப்பாகிறது என்ற பொருளில் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம் என்பதுதான் உறுதி. அதாவது கிட்டத்தட்ட கொடைக்கானல், ஊட்டி உயரம். ஆக்சிஜன் கொஞ்சம் குறைவு, காற்று வறண்டிருக்கும், தூக்கம் இல்லை, சாப்பாடு சரியில்லை. இவற்றோடு மது சேரும்போது நிதானம் சீக்கிரம் போகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில் மது பரிமாறுவதில்லை. அதனால் அங்கே குடித்த நிலையில் பிரச்சினை செய்பவர், ஏறும்போதே குடித்திருப்பார். வாசலில் நின்று வணக்கம் சொல்லும்போது நாங்கள் முகத்தையும் நடையையும் மூச்சையும் பார்ப்பது அதற்காகத்தான். அங்கேயே தடுப்பது எளிது, மேலே போன பிறகு எளிதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குழறிப் பேசி, வேர்த்து வழிந்து, கையை உதறி, கோபப்படும் எல்லோரும் குடித்தவர்கள் இல்லை. சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் இப்படித்தான் இருக்கும். மறதி நோய் உள்ள முதியவர்கள் இருட்டியதும் இடம் புரியாமல் எழுந்து கதவுப் பக்கம் போவார்கள். ஊரில் சாவு என்று செய்தி வந்து, கடனோடு விடுப்பு வாங்கி, தூங்காமல் ஏறும் வளைகுடாத் தொழிலாளி ஒரு சின்ன வார்த்தைக்கு வெடிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நான் சொன்னது, முதலில் மருந்து இருக்கிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள் என்பதுதான். ஒரு டம்ளர் சர்க்கரை கலந்த ஜூஸில் அடங்கிப்போன "ரகளை"களை எனக்குத் தெரியும். அவர்களைப் பிளாஸ்டிக் விலங்கு போட்டுக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

நீங்கள் பார்த்த ஆளை ஏன் இறக்கிவிடவில்லை என்று கேட்டீர்கள். விமானம் தரையில் இருந்தால், ஒருவரை இறக்கும்போது அவர் செக்-இன் செய்த பெட்டியையும் தேடி எடுத்து இறக்க வேண்டும். 1985-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில், ஏறாத பயணியின் பெட்டியில் இருந்த குண்டு வெடித்து 329 பேர் இறந்த பிறகு இந்த விதி உலகெங்கும் இறுகியது. பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் அந்த விமானம் கிளம்ப ஒதுக்கிய நேரம் கைவிட்டுப் போகும், பணியாளர்களின் வேலை நேர வரம்பும் நெருங்கும். விமானம் மேலே இருந்தால் வழியில் எங்காவது இறக்க வேண்டும். ஏ320 வகை விமானங்களில் எரிபொருளைக் காற்றில் வெளியேற்றும் வசதி கிடையாது. கனத்தோடு இறங்க வேண்டும், அல்லது வட்டமடித்து எரிக்க வேண்டும். இப்படி வழியில் இறக்க 10,000 முதல் 80,000 பவுண்டு வரை செலவாகும் என்று பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் சொல்கிறது, அதைப் பயணியிடமே வசூலிக்கவும் கேட்கலாம். அங்கே விமானத்தில் குடித்திருப்பதற்கு இரண்டு வருஷம் வரையும், விமானத்தை ஆபத்துக்கு உள்ளாக்கினால் ஐந்து வருஷம் வரையும் சிறை உண்டு. எனவே அமைதியாகப் பேசி, எழுத்தில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, இடம் மாற்றி, மதுவை நிறுத்தி, கடைசியில்தான் கட்டுவது என்ற படிநிலை. நீங்கள் கெஞ்சல் என்று பார்த்தது, பெரும்பாலும் அந்தப் படிநிலையின் முதல் படியாக இருந்திருக்கும்.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தரப்பிலும் தவறியிருக்கிறார்கள். 2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், வயதான பெண் பயணி மீது ஒருவர் சிறுநீர் கழித்தார் என்ற புகாரில், விசாரணைக் குழு அந்த ஆணுக்கு நான்கு மாதம் தடை விதித்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். அதோடு முடியவில்லை. டிஜிசிஏ அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது, விமானியின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தியது. பாதிக்கப்பட்ட பயணியைக் காப்பதும் முறையாகப் புகார் அளிப்பதும் பணியாளர் கடமை, அதைச் செய்யாவிட்டால் அவர்களுக்கும் தண்டனை உண்டு என்று அந்த வழக்கு காட்டியது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு சம்பவம் இருக்கிறது. 2017 அக்டோபரில் மும்பை–டெல்லி ஜெட் ஏர்வேஸ் விமானத்தின் கழிவறையில் கடத்தல் மிரட்டல் கடிதம் கிடைத்தது, விமானத்தை அகமதாபாத்தில் இறக்கினார்கள். அதற்காகக் கைதானவர்தான் தடைப் பட்டியலில் முதலில் ஏறியவர். 2019-இல் அவருக்கு ஆயுள் தண்டனையும் ஐந்து கோடி ரூபாய் அபராதமும் விதித்தார்கள். 2023-இல் குஜராத் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு செய்தியை மட்டும் வைத்து இவர் குற்றவாளி என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தொல்லை கூடுகிறதா என்றால், புகார்கள் கூடுகின்றன என்பது உறுதி. உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டாவின் கணக்கில் 2021-இல் 835 பயணங்களுக்கு ஒரு சம்பவம் என்றிருந்தது, 2022-இல் 568-க்கு ஒன்று, 2023-இல் 480-க்கு ஒன்று என்று ஆனது. மனிதர்கள் மோசமாகிவிட்டார்களா, புகார் கொடுப்பது கூடிவிட்டதா என்பது இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாதது. இரண்டும் கலந்திருக்கும் என்பது என் ஊகம். அமெரிக்காவில் 2021-இல் மட்டும் கிட்டத்தட்ட 6,000 புகார்கள், பெரும்பகுதி முகக்கவசம் அணிய மறுத்ததால் வந்தவை. அங்கே பணியாளரின் வேலைக்கு இடையூறு செய்தால் இருபது வருஷம் வரை சிறைக்கு இடமுண்டு. ஒரு பயணிக்கு 81,950 டாலர் அபராதம் விதிக்கவும் முன்மொழிந்தார்கள்.

ரகளையும் இல்லாமல் அறியாமையும் இல்லாமல், எல்லோரும் செய்வதால் தவறாகவே தெரியாத சிலவும் உண்டு. அவைதான் எனக்கு அதிகக் கவலை. சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்து பெட்டியை எடுப்பது. சீட் பெல்ட் விளக்கு எரியும்போது நடப்பது: 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் குலுங்கியபோது, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள், ஒருவர் இறந்தார், பலருக்குப் பலத்த காயம். கழிவறையில் புகைப்பது: 1973-இல் பாரிஸ் அருகே பிரேசிலின் வாரிக் நிறுவன விமானத்தில் கழிவறைக் குப்பைத் தொட்டியில் பிடித்த தீயால் 123 பேர் இறந்தார்கள், அணைக்காத சிகரெட்தான் காரணமாக இருக்கும் என்று கருதப்பட்டது. இன்றும் கழிவறைக் கதவில் சாம்பல் கிண்ணம் இருப்பதைப் பார்த்துவிட்டுப் புகைக்கலாம் போல என்று சிலர் நினைக்கிறார்கள். தடையை மீறி ஒருவர் பற்றவைத்துவிட்டால் அதைக் குப்பைக் காகிதத்தில் போடாமல் இருப்பதற்காக மட்டுமே அது அங்கே இருக்கிறது.

பெட்டி எடுப்பதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் பக்கத்து ஊரிலிருந்து கிளம்பிய விமானம். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம் தரையில் விழுந்து தீப்பிடித்தது. புகை சூழ்ந்த கேபினுக்குள் பைகளையும் லேப்டாப்பையும் தேடிக்கொண்டிருந்தவர்களின் வீடியோவை உலகமே பார்த்தது. உள்ளே இருந்த 300 பேரும் உயிரோடு வெளியேறினார்கள், சில நிமிடத்தில் விமானம் வெடித்தது, தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். பாதிக் கதவுகள் மட்டுமே வேலை செய்தாலும் 90 நொடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான வகைக்கு அனுமதியே கிடைக்கும். அந்தக் கணக்கில் பெட்டி இழுப்பவர்களுக்கு இடமில்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும், சொன்னபடி பையை விட்டுவிட்டு இறங்கினார்கள். படித்தவர், படிக்காதவர், பழகியவர், புதியவர் என்ற பேதம் இதில் கிடையாது. உங்கள் அப்பாவுக்குச் சொல்லும்போது நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அப்பாவுக்குச் செய்ய வேண்டியது. டிக்கெட் போடும்போதே நடுப்பகுதியில், நடைபாதையோரச் சீட்டாகப் பாருங்கள். அவசரக் கதவு வரிசை வேண்டாம், கால் நீட்ட இடம் இருந்தாலும் அங்கே உட்காருபவர் அறிவிப்பைப் புரிந்துகொண்டு கதவைத் திறக்கக்கூடியவராக இருக்க வேண்டும். தனியாகப் போகிறார் என்றால், விமான நிலையத்தில் கூட வந்து வழிகாட்டும் உதவி உண்டா என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். விமான நிலையத்தில் யார் பொட்டலம் கொடுத்து "சிங்கப்பூரில் என் மச்சான் வாங்கிக்கொள்வார்" என்றாலும், சொந்த ஊர்க்காரராகவே இருந்தாலும், வாங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இதில் அறியாமையை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், சிங்கப்பூரில் நிச்சயமாக மாட்டார்கள். தீப்பெட்டி வேண்டாம். பவர் பேங்க் இருந்தால் கைப்பையில், பெரிய பெட்டியில் கூடாது. ஊறுகாயும் நெய்யும் பெரிய பெட்டியில், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். பையில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் "குண்டா இருக்கு?" என்ற பேச்சே வரக் கூடாது. அந்த ஒரு வார்த்தைக்குப் பயணம் நின்றுவிடும்.

ஏறும்போது வாசலில் நிற்பவரிடம், "இதுதான் எனக்கு முதல் பயணம்மா" என்று தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால், இதையே இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் நாங்கள் கழிவறை எங்கே, எப்படித் திறப்பது, எந்தக் கதவைத் தொடக் கூடாது, உதவிக்கு அழைக்க எந்தப் பட்டன் என்று காட்டிவிடுவோம். இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். அழைப்பு பட்டனை அழுத்துவது தொந்தரவு இல்லை, அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் அதை அழுத்தக் கூச்சப்படுகிறார்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பக்கத்துச் சீட்டில் ஒரு பெரியவர் பெல்ட்டோடு போராடினால் போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். அவர் பேரக்குழந்தைகள் ஒருநாள் அதைப் பார்ப்பார்கள். மூடியைத் தூக்கிக் காட்டினால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நடந்துவிட்டால், அப்பா வாதாட வேண்டாம். உட்காரச் சொன்னால் உட்காரட்டும், கேட்டதற்கு உண்மையைச் சொல்லட்டும், புரியாத எந்தத் தாளிலும் யாராவது படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம். கையில் கொடுக்கும் கடிதத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். இந்திய நிறுவனத்தின் விமானம் என்றால், குழு தடை விதித்தாலும் அறுபது நாளுக்குள் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம், அதற்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமை. சிங்கப்பூரில் பதிவான விமானம் என்றால் 1963 டோக்கியோ உடன்படிக்கைப்படி விமானத்துக்குள் நடப்பதற்கு அந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், அப்போது அங்கே இருக்கும் வக்கீல் ஒருவரைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.